எண் பொருந்தாத போல்ட்

காவல் அலுவலகத்திலிருந்து வெளியே வந்தபோது டோர்குன்னின் கையில் நான்கு தாள்கள் இருந்தன. நான்கும் ஒரே துப்பாக்கியைப் பற்றியவை. காருக்குள் உட்கார்ந்து நான்கையும் இரண்டு தடவை படித்தாள். படிப்பதற்கு முன் கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது. படித்த பிறகு அதுவும் போய்விட்டது.

இத்தனைக்கும் அவள் தாளைக் கண்டு மிரளுகிறவள் அல்ல. எங்கள் ஸ்டோர்விக் ஊர்த் தபால் நிலையத்தில் முப்பத்துநான்கு வருஷம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள். யாருக்கு எங்கிருந்து கடிதம் வருகிறது, யாருக்கு வராமல் நின்றுவிட்டது, யார் அதை விசாரிக்க வெட்கப்பட்டுத் தேவையில்லாமல் தபால்தலை வாங்க வருகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தபால் அட்டைகளைப் படிக்கக் கூடாது என்று விதி உண்டு. அதைக் கடைப்பிடித்த தபால் ஊழியர் யாரும் இந்தக் கடற்கரையில் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

விஷயம் இதுதான். அவள் கணவன் ஹால்வர், படகுத்துறைப் பயணிகள் கப்பலில் எஞ்சின் பார்த்தவன், ஏப்ரலில் இறந்துபோனான். அவன் விட்டுப்போனதில், கிராக் என்கிற பழைய ராணுவ ரக ரைபிள் ஒன்றும் இருந்தது. அவன் அப்பா காலத்துத் துப்பாக்கி. உரிமம் ஹால்வர் பெயரில் இருந்ததால் அவனோடு அதுவும் போய்விட்டதாம். போலீஸ்காரன் கெயிர் வழிகளை விரல் விட்டு எண்ணிச் சொன்னான். சுடும் பரீட்சை எழுதலாம், யாருக்காவது விற்கலாம், அரசாங்கத்திடம் கொடுத்து உருக்கச் சொல்லலாம், குழலில் துளை போட்டு, உள்ளே இரும்புக் கம்பியைச் செருகிப் பற்றவைத்து, சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம். இல்லையென்றால் பழந்துப்பாக்கிச் சேகரிப்போர் சங்கத்தில் சேர்ந்து, அவர்கள் கையெழுத்தோடு சேகரிப்பாளர் என்று விண்ணப்பிக்கலாம். எதுவானாலும் அக்டோபர் முதல் தேதிக்குள்.

அவனாகவே பரிந்துரையும் செய்தான். "துளை போட்டுடுங்க டோர்குன். நிறைய பேர் அதைத்தான் செய்றாங்க. பாக்க அப்படியேதான் இருக்கும்."

அதைத்தான் அவளால் செய்ய முடியாது. மார்ச் மாதம், படுக்கையிலிருந்து எழ முடியாமல் கிடந்தபோது ஹால்வர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "கிராக்கை ஓட்டை போட மட்டும் விட்டுடாதே" என்றான். அவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள். முப்பத்தாறு வருஷக் கல்யாணத்தில் அவன் அவளிடம் கேட்டு வாங்கிய வாக்கு அது ஒன்றுதான். ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அதன்பிறகு வந்த நாட்களில் அவன் தண்ணீர் வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

அதனால் அவளுக்குக் கோபமாகவும் இருந்தது. ஞாயிறுதோறும் அந்த ரைபிளை எண்ணெய்த் துணியால் துடைத்தானே, அப்போதெல்லாம் வாயைத் திறந்து ஒரு காரணம் சொல்லியிருக்கக் கூடாதா? ஆனால் ஹால்வர் அப்படிப்பட்டவன். காபி நன்றாக இருந்தால் இன்னொரு கோப்பை ஊற்றிக்கொள்வான். அவன் வாயிலிருந்து வந்த அதிகபட்சப் பாராட்டு அந்த இன்னொரு கோப்பைதான்.

கெயிர் கொடுத்த நான்காவது தாள் சங்கத்தின் துண்டறிக்கை. 'எங்கள் சங்கத்தில் சேர்வதால் கிடைக்கும் எட்டு நன்மைகள்' என்று தலைப்பு. துப்பாக்கி எண்ணெய் சலுகையில் கிடைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தித்தாள் வரும். உறுப்பினர்களின் துப்பாக்கி எண்கள் அடங்கிய பட்டியலைப் பார்க்கலாம். இலையுதிர்காலத்தில் ஒருநாள் போலீஸ் அனுமதியோடு பழைய துப்பாக்கிகளைச் சுடலாம். இப்படியே போய், எட்டாவதாக 'ஒத்த மனம் கொண்டோரின் தோழமை' என்று இருந்தது. துப்பாக்கியின் எந்தப் பக்கத்தைத் தோளில் வைப்பது என்றுகூடத் தெரியாத தனக்கு யாருடைய மனம் ஒத்துப்போகும் என்று டோர்குன் யோசித்துப் பார்த்தாள். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

ஜூன் மாதக் கூட்டத்துக்குப் போனாள். பழைய பால்பண்ணைக் கட்டடத்தின் மாடி. பதினோரு ஆண்கள், ஒரு பெண். நடுமேஜையில் வாஃபிளும் பழுப்புச் சீஸும் காபிக் குடுவையும். பக்கத்து மேஜையில் கம்பளி விரிப்பின் மேல் துப்பாக்கிகள். ஏப்ரலிலிருந்து காவல் அலுவலகத்தில் இருந்த ஹால்வரின் கிராக்கைக் கெயிரே கொண்டுவந்து வைத்துவிட்டு, கையோடு இரண்டு வாஃபிள்களைத் தின்றுவிட்டுப் போனான்.

தலைவர் ஆஸ்முன் ஓய்வுபெற்ற பல் டாக்டர். எதையும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறவர் போலவே பார்ப்பார். அவர் அவளை வரவேற்று உட்காரவைத்துவிட்டு, முதல் கேள்வியாக, "உங்க தலைப்பு என்ன?" என்று கேட்டார்.

டோர்குன்னுக்குத் தலைகால் புரியவில்லை. பெயரின் தலையில் போடுகிற திருமதி, செல்வியைக் கேட்கிறாரோ என்று நினைத்து, விதவை என்றாள். பிறகு ஆட்டுப்பண்ணைக்காரன் சிக்வார்ட் அவள் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினான். சேகரிப்பாளர் என்றால் கண்டதையும் சேர்க்க முடியாது. எதைச் சேகரிக்கிறோம் என்று ஒரு தலைப்பை எழுதிக்கொடுத்து, சங்கம் ஒப்புக்கொண்டு, போலீசும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதன்பிறகு அந்தத் தலைப்புக்குள் வருவதை மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம். ஆஸ்முன்னின் தலைப்பு, 1895-க்கும் 1910-க்கும் இடையில் செய்த ராணுவ ரைபிள்கள். சிக்வார்ட்டினுடையது, மலைக்கோழி வேட்டைத் துப்பாக்கிகள். ஒருமுறை அவனுக்கு ஒரு டென்மார்க் குதிரைப்படைப் பிஸ்டல் மேல் கண் விழுந்துவிட்டது. தலைப்புக்குள் வராது. என்ன செய்தான்? பெண்டாட்டி மாரித்தைச் சங்கத்தில் சேர்த்து, அவளுக்கு டென்மார்க் பிஸ்டல்கள் என்று தலைப்பு வாங்கிக்கொடுத்துவிட்டான். அங்கே உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டிருந்த ஒரே பெண் அவள்தான்.

"எனக்கு டென்மார்க்கும் தெரியாது, பிஸ்டலும் தெரியாது," என்று மாரித் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "வாஃபிள் நல்லாருக்கும். சும்மா உக்காரு."

ஆனால் டோர்குன்னிடம் இருப்பது ஒரே ஒரு துப்பாக்கி. ஒன்றை வைத்துக்கொண்டு என்ன தலைப்பு எழுதுவது? ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஊர்ச் சுடுகழகத் துப்பாக்கிகள் என்று எழுது என்றார் ஒருவர். அது மிகவும் அகலம், போலீஸ் மறுத்துவிடும் என்றார் இன்னொருவர். கடலோர எஞ்சின்காரர்களின் துப்பாக்கிகள் என்று எழுதினால் மிகவும் குறுகல் என்று அதையும் தள்ளினார்கள். அவள் பென்சிலால் ஒவ்வொன்றையும் எழுதி ஒவ்வொன்றையும் அடித்தாள். அரைமணி நேரத்தில் அந்தத் தாள் கோழி கிளறிய மண்ணாகிவிட்டது.

கடைசியில் ஆஸ்முன், முதலில் பொருளைப் பார்ப்போம் என்று எழுந்து ரைபிளைக் கையில் எடுத்தார். டோர்குன் கைப்பையிலிருந்து ஒரு கம்பளிக் காலுறையை எடுத்துக்கொடுத்தாள். அதற்குள் போல்ட் இருந்தது. தோட்டாவைத் தள்ளிப் பூட்டுகிற, கைப்பிடி வைத்த இரும்பு உருளை. எங்கள் பக்கத்தில் எல்லோரும் அதைக் கழற்றித் தனியாகத்தான் வைப்பார்கள். ஹால்வர் அதைக் காலுறைக்குள் போட்டு, சமையலறையில் கரண்டி டிராயரில் வைத்திருந்தான். கிராக்கில் ரைபிளின் உடம்பில் என்ன எண் பொறித்திருக்கிறதோ அதே எண் போல்ட்டிலும் இருக்கும். ஆஸ்முன் பூதக்கண்ணாடியை வைத்து ரைபிளைப் பார்த்தார். 88417. போல்ட்டைப் பார்த்தார். மறுபடி ரைபிளைப் பார்த்தார். பிறகு பூதக்கண்ணாடியை ஓசைப்படாமல் மேஜையில் வைத்தார்.

போல்ட்டில் இருந்த எண் 91163.

அறையே எழவு வீடாகிவிட்டது. சிக்வார்ட் அவளுக்குக் காபி ஊற்றினான். ஒருவர் அவள் தோளைத் தட்டினார். ஹால்வர் செத்தபோதுகூட இவ்வளவு பேர் இவ்வளவு மனதார அவளிடம் துக்கம் விசாரிக்கவில்லை. சேகரிப்பவர்களுக்கு எண் மாறிய துப்பாக்கி என்றால் பாதித் துப்பாக்கி. அதைத் தலைப்பில் காட்டவே கூச்சப்படுவார்கள் என்று மெதுவாகப் புரிந்துகொண்டாள். அவளுக்குப் புரியாதது வேறொன்று. ஹால்வர் கப்பல் எஞ்சினில் ஒரு திருகாணி கால் சுற்று தளர்ந்தாலும் தூக்கத்தில் எழுந்து உட்காருகிறவன். ஞாயிறுதோறும் துடைத்தவன் கண்ணில் இந்த எண் படாமல் இருக்குமா?

"அவருக்குத் தெரியாம இருக்காது," என்றாள்.

"தெரிஞ்சிருந்தா மாத்தியிருப்பாரே," என்றார் ஆஸ்முன்.

துண்டறிக்கையில் சொன்ன எண் பட்டியலைப் புரட்டினார்கள். 91163 எந்த உறுப்பினரிடமும் இல்லை. சங்கச் செய்தித்தாளின் ஜூலை இதழில் ஒரு பெட்டிச் செய்தி போட்டார்கள்: 'கிராக் போல்ட் 91163 கைவசம் உள்ளது. 88417 யாரிடம்? டோர்குன், ஸ்டோர்விக்.' அந்தச் செய்தித்தாள் கடலோரம் முழுக்கப் போகும்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. புளோரே ஊர் முத்திரை. உறைக்குள் இருந்ததைப் படிப்பதற்கு முன்பே, உறையின் மேல் எழுதியிருந்த ஏழு என்ற எண்ணைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது. நடுவில் குறுக்குக் கோடு போட்ட, வால் நீண்ட ஏழு. முப்பத்துமூன்று வருஷமாக அவளுக்குப் பழக்கமான ஏழு.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் புளோரேயிலிருந்து ஹால்வருக்கு ஒரு அட்டை வரும். வாழ்த்து கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. ஒரு எண், அதன்கீழ் B என்ற எழுத்து. 243. 240. 247. அவளே கவுண்டரில் முத்திரையைப் பார்த்து, வீட்டுக்கு எடுத்துப்போய்க் கொடுப்பாள். கல்யாணமான புதிதில் ஒருமுறை யார் இது என்று கேட்டாள். சுடுகழகத்து சிநேகம், இருபத்தைந்து குண்டில் 250-க்கு எத்தனை புள்ளி என்று எழுதி அனுப்புவது வழக்கம் என்றான் ஹால்வர். அவன் பேச்சில் ஒருமுறை பியார்னே என்று ஒரு பெயர் அடிபட்டிருந்தது. B என்றால் பியார்னேதான் என்று அவளாகவே முடிவுகட்டிக்கொண்டாள். எண்கள் வருஷத்துக்கு வருஷம் இறங்கி 230, 221 என்று ஆனபோது, பாவம் பியார்னேவுக்கும் வயதாகிறது, கண் மங்குகிறது என்று மனதுக்குள் பரிதாபப்பட்டிருக்கிறாள்.

கடிதத்தின் அடியில் முழுப்பெயர் இருந்தது. போர்கில். ஒரு பெண்.

'88417 என்னிடம்தான் இருக்கிறது. போல்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வா. ஹால்வர் இறந்தது செய்தித்தாளில் அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உன் பெயரைப் பார்த்துத்தான் தெரிந்தது,' என்று எழுதியிருந்தாள்.

ஊரார் ரகசியங்கள் அத்தனையும் தெரிந்த டோர்குன், தன் வீட்டுக்கு வந்த அட்டையை முப்பத்துமூன்று வருஷம் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அவன் பதில் அட்டைகளை அவள் பார்த்ததே இல்லை. கப்பலிலேயே ஒரு தபால்பெட்டி உண்டு. எஞ்சின் அறைக்குப் பத்தடி. அன்று முழுவதும் அவள் எதையும் உருப்படியாகச் செய்யவில்லை. உருளைக்கிழங்கு கரிந்தது. அழுகை வருமா என்று காத்திருந்தாள், வரவில்லை. கோபம் வந்தது, ஆனால் எண்களின் மேல் எப்படிக் கோபப்படுவது? காதல் கடிதம் என்றால் கிழிக்கலாம். 247-ஐ என்ன செய்வது?

போகாமல் இருந்துவிடலாம் என்று இரண்டு வாரம் இருந்தாள். பிறகு காலுறையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேகப்படகு ஏறினாள்.

போர்கில் உயரமான பெண். அறுபத்தெட்டு வயது, மீன் பதனிடும் ஆலையில் மேற்பார்வை பார்த்தவள். குரலும் அதற்கேற்ப எந்திரச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும்படி இருந்தது. டோர்குன் மனதில் வரைந்து வைத்திருந்த அழகி இவள் இல்லை. அதனால் நிம்மதி வரவேண்டும். ஏனோ வரவில்லை. சமையலறை மேஜையில் மீன் உருண்டையும் காபியும் வைத்துவிட்டு, நடுவில் ஒரு சமையல் துணியை விரித்து, அதன்மேல் ஒரு போல்ட்டை வைத்தாள் போர்கில். 88417. டோர்குன் காலுறையிலிருந்து தன்னுடையதை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

நடந்ததைப் போர்கில் சுற்றிவளைக்காமல் சொன்னாள். 1964-இல் கடலோரச் சுடுபோட்டி. பெண்கள் இரண்டே பேர். போட்டி முடிந்து மழை. ஒரே கூடாரத்தில், ஒரே மேஜையில், அவளும் ஹால்வரும் துப்பாக்கியைத் துடைத்தார்கள். போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கப்பல் சங்கு ஊதியதும் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். வீட்டுக்கு வந்துதான் எண்ணைப் பார்த்தாள். உடனே அவனுக்கு எழுதினாள். அவனிடமிருந்து பதில் வந்தது: இந்தப் போல்ட்டோடு 246 சுட்டிருக்கிறேன், வாழ்நாளில் இவ்வளவு எடுத்ததில்லை. அவளும் அந்த வருஷம் அவன் போல்ட்டோடு 243 எடுத்திருந்தாள். அப்போது ஒரு பந்தயம் வைத்துக்கொண்டார்கள். வருஷக் கடைசியில் ஆளுக்கு ஒரு எண் அனுப்புவது. யார் தோற்றாரோ அவர் வந்து மாற்றிக்கொடுக்க வேண்டும்.

"அப்போ ஒவ்வொரு வருஷமும் யாராவது தோத்திருப்பீங்களே," என்றாள் டோர்குன்.

"தோத்தோம்."

"யாரும் வரலையா?"

"வந்துட்டா முடிஞ்சுபோயிருமே." போர்கில் காபியைக் கலக்கினாள். அதில் சர்க்கரை போடவே இல்லை.

டோர்குன் கேட்க வேண்டும் என்று படகில் வரும்போதே மனப்பாடம் செய்து வைத்திருந்த கேள்வி ஒன்று இருந்தது. அழகான வார்த்தைகளில் அமைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதாவது இருந்துச்சா?"

போர்கில் அவளை நேராகப் பார்த்தாள். "இருந்துச்சு. வருஷத்துக்கு ஒரு நம்பர்."

"அவ்வளவுதானா?"

"அது கொஞ்சம்னு நெனைக்கிறியா?"

கொஞ்சமா, நிறையவா என்று டோர்குன்னுக்குத் தெரியவில்லை. தன்னிடம் அவன் வருஷத்துக்கு எத்தனை வார்த்தை பேசினான் என்று எண்ணிப் பார்க்க முயன்று பாதியில் விட்டுவிட்டாள். அதற்குப்பின் இரண்டே முறை போட்டிகளில் பார்த்திருக்கிறார்களாம். இரண்டு முறையும் காற்றைப் பற்றித்தான் பேசினார்களாம். நம்புவதா வேண்டாமா? தபால் கவுண்டரில் பொய் சொல்கிறவர்களை அவள் முகத்தை வைத்தே கண்டுபிடிப்பாள். இந்த முகத்தில் பொய் தெரியவில்லை. பொய் தெரிந்திருந்தால் ஒருவேளை சுலபமாக இருந்திருக்கும்.

போர்கில் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு அட்டையை எடுத்துவந்தாள். போன கிறிஸ்துமஸுக்கு வந்தது. ஹால்வரின் கையெழுத்து, நடுங்கிப் போயிருந்தது. அந்த இலையுதிர்காலத்தில் அவனைச் சுடுமிடத்துக்குக் காரில் கூட்டிப்போனது டோர்குன்தான். தோள் தாங்காமல் முகம் சுருங்கச் சுருங்கச் சுட்டான். போதும் என்று இவள் சொல்லச்சொல்லக் கேட்கவில்லை. அட்டையில் 171 என்று இருந்தது. முப்பத்துமூன்று வருஷத்தில் முதல்முறையாக எண்ணுக்குக் கீழே வார்த்தைகளும் இருந்தன.

'தோற்றுவிட்டேன். வருகிறேன்.'

டோர்குன் அதை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். குழலில் துளை போட்டுவிட்டால் போல்ட்டை மாற்றி என்ன பயன்? அதற்காகத்தான் மணிக்கட்டைப் பிடித்தான். சரி, ஒரு முடிச்சு அவிழ்ந்தது. ஆனால் அதற்கடியில் இன்னொன்று இருந்தது. முடித்துக்கொள்வதற்கு வருகிறேன் என்றானா, கடைசியாக ஒருமுறை பார்ப்பதற்கு வருகிறேன் என்றானா? அவன் வந்திருந்தால் தன்னையும் கூட்டிக்கொண்டு வந்திருப்பானா? இப்போது அழுகை வந்தது. அவனுக்காகவா, தனக்காகவா, எதிரே உட்கார்ந்திருக்கும் இவளுக்காகவா என்று அதிலும் தெளிவில்லை. போர்கில் சமையல் துணியின் ஒரு முனையை அவள் பக்கம் நகர்த்தினாள். போல்ட் இரண்டும் உருண்டு ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"அவருக்குப் பதிலா நீ வந்திருக்கே," என்றாள் போர்கில். "மாத்திக்கலாம். சங்கத்துக்காரங்களுக்கும் சந்தோஷம். எடுத்துக்கோ."

டோர்குன் 88417-ஐக் கையில் எடுத்தாள். தான் கொண்டுவந்ததைவிடக் கைப்பிடி தேய்ந்து வழவழப்பாக இருந்தது. போர்கில் ஜன்னலுக்கு வெளியே படகைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். படகு வர இன்னும் இரண்டு மணிநேரம் இருந்தது.

"தோத்தது அவருதானே," என்றாள் டோர்குன். என்ன சொல்கிறோம் என்பது சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்கே தெரிந்தது. "நான் இன்னும் தோக்கலையே."

போர்கில் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு இருபத்தஞ்சு ரவுண்டெல்லாம் தாங்காது. அஞ்சு வச்சுக்கலாம்," என்று சொல்லிவிட்டு டோர்குன் 91163-ஐக் காலுறைக்குள் போட்டாள்.

திரும்பி வரும் படகில் தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று யோசித்தாள். புருஷனோடு முப்பத்துமூன்று வருஷம் கணக்கு வைத்திருந்தவளோடு எந்தப் பெண்ணாவது பந்தயம் கட்டுவாளா? தன் மேலேயே எரிச்சலாக இருந்தது. ஆனால் காலுறையைத் தடவிப் பார்க்கும்போது, அது கைப்பையில் இருந்ததில் ஒரு நிம்மதியும் இருந்தது. இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் இருக்கும் என்று அவளுக்குப் புரியவில்லை.

செப்டம்பர்க் கூட்டத்தில் அவள் தலைப்பை எழுதிக்கொடுத்தாள். ஆஸ்முன் வாங்கிப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். 'எண் மாறிய போல்ட்டுகளுடன் வாழும் கடலோரத் துப்பாக்கிகள்.'

இது தலைப்பு இல்லை, இது குறை என்றார். சேகரிப்பு என்றாலே முழுமையை நாடிப் போவது. ஊனத்தை எப்படித் தலைப்பாக்குவது? 88417 இருக்குமிடம் தெரிந்தும் அதை வாங்கிவராமல் திரும்பியவளை அவரால் மன்னிக்கவே முடியவில்லை. டோர்குன்னால் விளக்கவும் முடியவில்லை. அப்படியே இருக்கட்டும் என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னாள். அக்டோபர் முதல் தேதிக்கு இன்னும் ஒன்பதே நாள் இருந்தது.

அப்போது சிக்வார்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். தன்னிடமும் ஒன்று இருக்கிறது என்றான். மாமனாருடையது, போல்ட் யாருடையது என்று தெரியாது, வெட்கப்பட்டுப் பரணில் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னான். அவன் சொன்னதும் ஜன்னலோரம் இருந்தவர் தன்னிடம் இரண்டு உண்டு என்றார். பிறகு ஒவ்வொருவராக, பாவமன்னிப்புக்கு வரிசையில் நிற்பதுபோல் ஆரம்பித்தார்கள். மழையில் ஓடியபோது, ராணுவப் பயிற்சி முகாமில், அண்ணன் தம்பி ஒரே மேஜையில் துடைத்தபோது. பதினோரு பேரில் ஏழு பேர். இன்னும் மூவர் தங்களிடம் அப்படி எதுவும் இல்லை என்றார்கள். தலைவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"உங்க வீட்டுல படிக்கட்டுக்கு அடியில இருக்கே, அதைச் சொல்லலாமே ஆஸ்முன்," என்றாள் மாரித், பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்க பொண்டாட்டி எங்கிட்ட எப்பவோ சொல்லிட்டா."

பல் டாக்டரின் காது சிவந்தது. தலைப்பை ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள். இருபத்தெட்டாம் தேதி அதைக் கெயிரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள் டோர்குன். அவன் இரண்டு தடவை படித்தான். அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு, படிவத்தில் தலைப்பு என்ற கட்டம் காலியாக இல்லாதவரை தனக்குக் கவலையில்லை என்று சொல்லி முத்திரை குத்தினான். துப்பாக்கி தப்பித்தது.

அக்டோபரில் சங்கத்தின் சுடும் நாள். ஈரப் புல்லில் பாயை விரித்துக் குப்புறப் படுத்தாள் டோர்குன். சிக்வார்ட் பக்கத்தில் மண்டியிட்டு, எந்தக் கண்ணை மூட வேண்டும் என்பதிலிருந்து சொல்லிக்கொடுத்தான். முதல் குண்டு எங்கே போனது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. இரண்டாவது பக்கத்து ஆளின் அட்டையில் பட்டது. ஒவ்வொரு தடவையும் போல்ட்டை இழுத்துத் தள்ளும்போது அது தயிரில் கரண்டி விட்டதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. இத்தனை வருஷம் இரண்டு பேர் கை பட்டுப் பழகிய இரும்பு. ஐந்தும் முடிந்தபோது ஐம்பதுக்குப் பதினொன்று. தோள் மூன்று நாள் நீலமாக இருந்தது.

டிசம்பரில் அட்டை வாங்கி அதில் 11 என்று எழுதினாள். பதினான்கு என்று எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு கணம் தோன்றியது. எழுதவில்லை. எப்படியும் தோற்கப்போகிறோம், போர்கில் கையை வெட்டி எறிந்தாலும் நாற்பதுக்குக் குறையமாட்டாள். தோற்றாலும் போகப்போவதில்லை, அதுதானே வழக்கம் என்று தைரியம் சொல்லிக்கொண்டு, கீழே T என்று போட்டு அனுப்பினாள்.

இரண்டு அட்டைகளும் வழியில் ஒன்றையொன்று தாண்டியிருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு மறுநாளுக்கு மறுநாள் புளோரேயிலிருந்து அட்டை வந்தது. டோர்குன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

எட்டு.

கடலோரத்தில் 247 எடுத்தவள், ஐந்து குண்டில் எட்டு! கண் அவ்வளவு மோசமாகிவிட்டதா? தோள்வலியா? வேண்டுமென்றே வானத்தைப் பார்த்துச் சுட்டாளா? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. எண்ணுக்குக் கீழே, வால் நீண்ட அந்தக் கையெழுத்தில் இரண்டு வார்த்தைகள் இருந்தன.

'தோற்றுவிட்டேன். வருகிறேன்.'

இவளுடைய பதினொன்றைப் பார்ப்பதற்கு முன்பே எழுதியிருக்கிறாள். அதற்கும் கீழே படகின் தேதியும் நேரமும். இன்று பகல் ஒன்றரை.

மணி அப்போது பன்னிரண்டரை. டோர்குன் அவசர அவசரமாக வாஃபிள் மாவைக் கலக்கினாள், அடுப்பில் காபியை ஏற்றினாள், மாடி அறையில் படுக்கை விரித்தாள். தங்குவாளா தங்கமாட்டாளா தெரியாது, விரித்துவைத்தாள். நல்ல துணியை மேஜையில் போட்டாள். போட்டதும், அந்தத் துணியின் மேல் இரண்டு போல்ட்டுகள் அடுத்தடுத்து இருப்பது மனக்கண்ணில் தெரிந்தது. மாற்றிக்கொண்டால் முடிந்துபோய்விடும்.

பிறகு கரண்டி டிராயரைத் திறந்து, கம்பளிக் காலுறையை எடுத்து, நிலவறைக்குப் போய், உருளைக்கிழங்குப் பெட்டியின் அடியில், கை எட்டுகிற ஆழம்வரைக்கும் புதைத்துவைத்தாள். எங்கே வைத்தேன் என்று நினைவில்லை என்று சொல்லிவிடலாம். வயதாகிவிட்டது, நம்புவாள். மேலே வந்து கையைக் கழுவிக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, படகுத்துறைக்குக் கிளம்பினாள்.